யார் எழுதி வைத்த வழக்கம்?

கேள்வி: ஜனக்புரியில் அப்பா தன் சம்பாத்தியத்தில் வாங்கிய டிடிஏ ஃப்ளாட், அவர் காலமான பிறகு அம்மா, தம்பி, நான் என மூவர் பெயருக்கும் மாறியது. யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. என்னுடன் பள்ளியில் வேலை பார்க்கும் தோழி மேற்கு தில்லியின் பழைய கிராமத்துக் குடும்பத்தைச் சேர்ந்தவர். அப்பாவின் நிலத்தில் பங்கு வேண்டாம் என்று அண்ணன்களுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். கேட்டால், "எங்கள் வழக்கத்தில் பெண்ணுக்கு நிலம் கிடையாது" என்கிறார். விகாஸ்புரியில் என் உறவினர் வீட்டு மாடியில் குடியிருக்கும் நைஜீரிய மாணவியும், தங்கள் இக்போ சமூகத்தில் இதே கதைதான் என்கிறார். ஆயிரம் ஆண்டுப் பழைய வழக்கத்தின் முன்னால் சட்டம் தோற்றுத்தான் போகுமா? ஒரே ஊரில் எனக்கு ஒரு நியாயம், தோழிக்கு ஒரு நியாயம், ஏன்?

– ஒரு வாசகி, ஜனக்புரி, புது தில்லி

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

மேற்கு தில்லியையும் மேற்கு ஆப்பிரிக்காவையும் ஒரே கடிதத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டீர்கள். நல்லதுதான். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் விடை சுலபமாகப் பிடிபடும்.

உங்கள் ஃப்ளாட்டிலிருந்து தொடங்குகிறேன். அது அப்பாவின் சுயசம்பாத்தியச் சொத்து. அவர் உயில் எழுதாமல் காலமானால், 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள், உயிரோடு இருந்தால் தாய், எல்லோரும் முதல் நிலை வாரிசுகள். எல்லோருக்கும் சம பங்கு. உங்கள் விஷயத்தில் வழக்கம் குறுக்கே வரவேயில்லை. ஆனால் உங்களுக்குக் கிடைத்த நியாயமும் நீங்கள் நினைக்கிற அளவுக்குப் பழையதில்லை. 2005 வரை அதே சட்டத்தில் 23-ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. குடும்பம் முழுவதும் குடியிருக்கும் வீட்டைப் பங்கு பிரிக்க ஆண் வாரிசுகள் மனம் வைக்கும்வரை மகள் பிரிவினை கேட்க முடியாது என்றது அந்தப் பிரிவு. கணவனோடு வாழும் மகளுக்கு அந்த வீட்டில் தங்கும் உரிமைகூட இல்லை. பங்கு உண்டு, ஆனால் கேட்கக் கூடாது! அப்படி ஒரு வேடிக்கையான உரிமையை 49 ஆண்டுகள் சட்டப் புத்தகத்தில் வைத்திருந்தோம்.

இப்போது 'ஆயிரம் ஆண்டுப் பழைய வழக்கம்' என்ற நம்பிக்கைக்கு வருவோம். முதலில் தள்ளிவைக்க வேண்டியது இதைத்தான்.

1857 கிளர்ச்சிக்குப் பிறகு, 1858-ல் பிரிட்டிஷார் தில்லியைப் பஞ்சாபோடு இணைத்தார்கள். 1912-ல் தனி மாகாணமாகும்வரை தில்லி பஞ்சாபின் ஒரு மாவட்டம். 1872-ல் வந்த பஞ்சாப் சட்டங்கள் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, வாரிசுரிமை, பெண்களின் சொத்து போன்ற வழக்குகளில் முதலில் ஊர் வழக்கத்தைப் பார், வழக்கம் இல்லாவிட்டால் மட்டும் இந்து அல்லது முஸ்லிம் சட்டத்துக்குப் போ என்றது. அந்த வழக்கம் இன்னதென்று நீதிபதிக்கு எப்படித் தெரியும்? அதற்காகத்தான் 'ரிவாஜ்-இ-ஆம்' என்ற பதிவேடுகள் தயாராயின. நிலவரியை நிர்ணயிக்க வந்த செட்டில்மெண்ட் அதிகாரிகள், ஒவ்வொரு சாதியின் தலைக்கட்டுகளையும் கூட்டி உட்காரவைத்து, வரிசையாகக் கேள்வி கேட்டு, பதில்களை எழுதிக்கொண்ட புத்தகம் அது. மகளுக்கு நிலம் உண்டா? ஆண் வாரிசு இல்லாத விதவைக்கு எதுவரை உரிமை? இப்படிப் போகும் கேள்விகள்.

பதில் சொன்னவர்கள் யார் என்பதில்தான் சூட்சுமம். அத்தனை பேரும் ஆண்கள், நிலம் வைத்திருந்தவர்கள். பங்கு கொடுக்க வேண்டியவரையே கூப்பிட்டு, பங்கு கொடுக்க வேண்டுமா என்று கேட்டால் என்ன பதில் வரும்? பூர்வீக நிலம் மகளுக்கு இல்லை. மகனில்லாத விதவைக்கு வாழ்நாள் உரிமை மட்டும், அதாவது உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கலாம், விற்கக் கூடாது, அவர் காலத்துக்குப் பிறகு அது கணவனின் பங்காளிகளுக்குப் போய்விடும். இதுவே பரவலாகப் பதிவான பதில். அதுவரை இடத்துக்கு இடம், வீட்டுக்கு வீடு வளைந்து கொடுத்துக்கொண்டிருந்த நடைமுறை, மை காய்ந்ததும் விறைத்துப்போனது.

இதை நான் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. 1960-ல் ஜெய் கௌர் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொன்னது. ரிவாஜ்-இ-ஆமில் இருப்பது சரி என்றுதான் பொதுவாக எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் வருவாய் அதிகாரிகள் முன் வந்து பேச வாய்ப்பே இல்லாத பெண்களின் உரிமையைப் பாதிக்கிற பதிவு என்றால் அந்த அனுமானம் பலவீனமானது, சில மாற்று உதாரணங்களைக் காட்டினாலே அதை உடைத்துவிடலாம் என்பது தீர்ப்பின் சாரம்.

இனி உங்கள் நைஜீரிய மாணவியின் கண்டத்துக்குப் போவோம். அங்கேயும் இதே வேலைதான் நடந்தது. தென்னாப்பிரிக்காவில் 1927-ஆம் ஆண்டின் கறுப்பர் நிர்வாகச் சட்டமும் அதன் கீழ் வந்த விதிகளும், கறுப்பினத்தவர் உயில் இல்லாமல் இறந்தால் சொத்து மூத்த ஆண் வாரிசுக்கே என்ற விதியை அரசாங்க முத்திரையோடு நிலைநிறுத்தின. பழைய ஏற்பாட்டில் அந்த வாரிசுக்கு ஒரு கடமையும் இருந்தது: குடும்பத்தில் எல்லோருக்கும் சோறு போட வேண்டும். காலப்போக்கில் கடமை கழன்றுகொண்டது, சொத்து மட்டும் கைக்கு வந்தது. கேப் டவுனை ஒட்டிய கயெலிட்ஷா குடியிருப்பில் 2002-ல் ஒருவர் இறந்தார். அவர் விட்டுப்போனது ஒரு தற்காலிகக் குடிசையும் அது நிற்கும் மனையும். கூட வாழ்ந்த பெண்மணியும் இரண்டு சிறு பெண் குழந்தைகளும் அதில் இருந்தார்கள். வாரிசு யார்? ஆண் வழி விதிப்படி, இறந்தவரின் தகப்பனார். அவரோ, ஈமச் செலவுக்காக அதை விற்கப்போவதாகச் சொன்னார். வழக்கு அரசியல் சாசன நீதிமன்றம் வரை போனது. 2004 அக்டோபர் 15 அன்று, 'பே' வழக்கு எனப்படும் அதில், ஆண் வழி மூத்தவருக்கே என்ற விதி செல்லாது என்று தீர்ப்பு வந்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி பையஸ் லங்கா, புத்தகத்தில் உறைந்துபோன வழக்கம் வேறு, மக்கள் இன்று வாழ்ந்துகொண்டிருக்கும் வழக்கம் வேறு என்று பிரித்துக் காட்டினார்.

நைஜீரியாவில் இதற்குப் பத்தாண்டு கூடுதலாக ஆனது. லாகோஸில் 1981-ல் உயில் இல்லாமல் இறந்த லாசரஸ் உகேஜே என்ற இக்போ இனத்தவரின் சொத்தில் மகள் கிளாடிஸ் பங்கு கேட்டார். மகளை ஒதுக்கும் இக்போ வழக்கம் அரசியல் சாசனத்தின் 42-ஆம் பிரிவுக்கு முரணானது, செல்லாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் முடிவு சொன்னது 2014 ஏப்ரலில். உங்கள் மாணவி சொன்னதும் பொய்யில்லை. தீர்ப்பு வந்த மறுநாளே ஊர் மாறிவிடுவதில்லை. ஆனால் அவர் ஊருக்குப் போய்ப் பங்கு கேட்டால், நாட்டின் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம்.

வழக்கம் என்றாலே பெண்ணுக்கு எதிரானது என்றும் எண்ணிவிட வேண்டாம். கானாவின் அகான் மக்களிடையே வம்சம் தாய் வழியில் போகிறது. நம் நாஞ்சில் நாட்டு வேளாளரிடமும் மருமக்கள் வழி இருந்தது. சொத்து தாய் வழியில் இறங்கி, சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும். அதில் மனைவி மக்கள் பட்ட பாட்டைத்தான் கவிமணி 'மருமக்கள் வழி மான்மிய'த்தில் சிரிக்கச் சிரிக்கப் பாடினார். 1926-ல் திருவிதாங்கூர் அரசு சட்டம் போட்டு அதை மாற்றியது. யாழ்ப்பாணத்தில் தேசவழமை. 1707-ல் டச்சு அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த அந்தச் சட்டப்படி, மகளுக்கு வீடும் நிலமும் சீதனமாகவே எழுதிக்கொடுப்பார்கள். முதுசம் எனப்படும் தந்தை வழிச் சொத்து மகன்களுக்கு. பெண் கையில் நிலம் இருந்தது. ஆனால் கணவனின் சம்மதம் இல்லாமல் அவள் அதை விற்க முடியாது. ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடித்துக்கொள்ளும் சாமர்த்தியம் எல்லா ஊரிலும் உண்டு போலிருக்கிறது.

அப்படியானால் தில்லிக் கிராமத்து ஆண்கள் அந்தப் பதிலைச் சொன்னதற்கு ஆசை மட்டும்தான் காரணமா? இல்லை. கல்யாண முறையும் ஒரு காரணம். நம் பக்கத்தில் அத்தை மகன், மாமன் மகன் என்று உறவுக்குள் கட்டிக்கொடுப்பது பரவலாக இருந்தது. பெண்ணுக்குக் கொடுத்த நிலம் அடுத்த தெருவைத் தாண்டாது. ஒரு தலைமுறை கழித்துத் திரும்பி வந்தாலும் வரும். தில்லி, ஹரியானா ஜாட் குடும்பங்களில் சொந்த ஊரிலும் சொந்த கோத்திரத்திலும் பெண் எடுப்பதில்லை, கொடுப்பதில்லை. மகளுக்கு நிலம் என்றால் அது வெளியூர்க் குடும்பத்தின் கைக்குப் போய்விடும் என்ற பயம். தெற்காசியாவில் மகளுக்கு நிலம் தர எதிர்ப்பு எங்கே அதிகம், எங்கே குறைவு என்பதை இந்தக் கல்யாண முறைகளோடு பொருத்திக் காட்டியவர் பொருளாதார அறிஞர் பீனா அகர்வால். 1994-ல் வந்த 'எ ஃபீல்ட் ஆஃப் ஒன்ஸ் ஓன்' என்ற அவருடைய நூல் இதைப் பற்றியது. 2005 சட்டத் திருத்தத்துக்கான இயக்கத்தை முன்னின்று நடத்தியவரும் அவர்தான்.

இனி கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். 1956 சட்டம் வந்ததும் பழைய வழக்கங்கள் எல்லாம் செல்லாக்காசாகியிருக்க வேண்டுமே? அந்தச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு அப்படித்தான் சொன்னது. ஆனால் அதன் இரண்டாவது உட்பிரிவு ஒரு விலக்கு வைத்தது: விவசாய நிலத்தைத் துண்டாடாமல் காக்கவும், நில உச்சவரம்புக்காகவும், குத்தகை உரிமை யாருக்குப் போகும் என்பதற்காகவும் இருக்கும் சட்டங்களை இது தொடாது. தில்லியில் அப்படி ஒன்று தயாராக இருந்தது: 1954-ஆம் ஆண்டின் தில்லி நிலச் சீர்திருத்தச் சட்டம். ஜமீன் முறையை ஒழித்து, உழவனை 'பூமிதர்', அதாவது நிலத்துக்கு உரிமையாளன் ஆக்கிய முற்போக்கான சட்டம்தான். அதன் 50-ஆம் பிரிவு மட்டும், பூமிதர் இறந்தால் நிலம் முதலில் ஆண் வழி ஆண் வாரிசுகளுக்கு என்றது. மகன் இருந்தால் மகளுக்கும் கிடையாது, மனைவிக்கும் கிடையாது.

ஆக, உங்கள் தோழி வழக்கம் என்று சொல்வது, 19-ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்கார அதிகாரி எழுதிக்கொண்டு, 1954-ல் நம்மவர்களே சட்டமாக்கி, 1956-ல் தொடாமல் விட்டுவைத்த ஒன்று. வழக்கத்தின் முன் சட்டம் தோற்கவில்லை. சட்டம்தான் வழக்கத்தைக் கைப்பிடித்து அழைத்துவந்து நாற்காலி போட்டு உட்காரவைத்தது.

அந்த நாற்காலியை எடுத்தது 2005 செப்டம்பர் 9. அன்று அமலுக்கு வந்த திருத்தம், கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளையும் மகனைப் போலவே உடன்பங்காளி ஆக்கியது; அதாவது பிறப்பிலேயே பங்குள்ளவர். தமிழ்நாடு இதை 1989-லேயே, அதுவரை மணமாகாத மகள்களுக்குச் செய்துவிட்டது என்பது நமக்கு ஒரு சின்னப் பெருமை. அதே திருத்தம் 23-ஆம் பிரிவையும், விவசாய நில விலக்கையும் நீக்கியது. அப்படியானால் தில்லியின் 50-ஆம் பிரிவு என்ன ஆகிறது? நிர்மலா என்ற விதவை தொடுத்த வழக்கில் 2010 ஜூனில் தில்லி உயர் நீதிமன்றம் பதில் சொன்னது: விலக்கு போன பிறகு இந்து வாரிசுரிமைச் சட்டமே மேலோங்கும், பெண்களுக்கும் விவசாய நிலத்தில் பங்கு உண்டு.

ஒரு எச்சரிக்கை. விவசாய நில விலக்கை நீக்கிய இந்தத் திருத்தம் பின்னோக்கிப் பாயாது. 2005-க்கு முன்பே இறந்துபோன பூமிதர் ஒருவரின் நிலம் பற்றிய வழக்கில் 2022-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தில்லி நிலச் சட்டம் அரசியல் சாசனத்தின் ஒன்பதாம் அட்டவணையில் இருக்கிறது. அடிப்படை உரிமைக்கு முரண் என்ற காரணம் காட்டி ரத்து செய்துவிடாதபடி சில சட்டங்களைப் பாதுகாத்து வைத்திருக்கும் பட்டியல் அது. அதனால் 50-ஆம் பிரிவை ரத்து செய்ய நீதிமன்றம் மறுத்துவிட்டது. ஒரே கிராமத்தில் 2004-ல் தந்தையை இழந்த மகளுக்கு நிலம் இல்லை, 2006-ல் இழந்தவருக்கு உண்டு. தேதி அவ்வளவு பெரிய விஷயம்.

நிலம் எந்த வகை என்பதும் அப்படியே. ஜனக்புரி பிளாக்குகளுக்கு நடுவே பொசங்கிபூர், அசாலத்பூர் என்று பழைய ஊர்கள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த மாதிரி ஊர்களில் வீடுகள் இருக்கும் பகுதிக்கு 'லால் டோரா' என்று பெயர். குடியிருப்பு எல்லையை வயலிலிருந்து பிரித்து வரைபடத்தில் போட்ட சிவப்புக் கோடு. கோட்டுக்குள் இருக்கும் வீட்டுக்கு விவசாய நிலச் சட்டம் பொருந்தாது. கோட்டுக்கு வெளியே உள்ள நிலமும், மாநகராட்சிச் சட்டத்தின் 507-ஆம் பிரிவின்படி அந்த ஊர் நகர்ப்பகுதி என்று அறிவிக்கப்பட்டுவிட்டால், நிலச் சட்டத்தின் பிடியிலிருந்து விடுபடும். பிறகு உங்கள் ஃப்ளாட்டுக்கு என்ன சட்டமோ அதேதான் அதற்கும்.

மிச்சம் இருப்பது அந்தக் கையெழுத்து. 'ஹக் தியாக்' என்பார்கள். நம் ஊரில் விடுதலைப் பத்திரம். சட்டம் பங்கைக் கொடுத்த பிறகு, அதை அண்ணன் தம்பிக்கு விட்டுக்கொடுப்பதாக எழுதித்தரும் ஆவணம். ஏன் போடுகிறார்கள்? அங்கே சகோதரியின் பிள்ளைக்குக் கல்யாணம் என்றால் அண்ணன் 'பாத்' கொண்டுவர வேண்டும். நம் தாய்மாமன் சீர்தான். அது வராத கல்யாணம் ஊர் வாய்க்கு அவல். பங்கு கேட்டால் பாத் வராது, பிறந்த வீட்டுக் கதவு சாத்திக்கொள்ளும் என்ற அச்சம் யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே வேலை செய்யும். அப்பா கல்யாணத்துக்குச் செலவு செய்தாரே, அதுவே உன் பங்கு என்ற வாதமும் கூட வரும். அந்த வாதத்துக்குச் சட்டத்தில் இடமில்லை; நகையும் கட்டிலும் பீரோவும் கொடுத்ததால் நிலத்துப் பங்கு கழிந்துவிடாது. இன்று தில்லிக் கிராமங்களில் மகளின் பங்கு மறைவது பெரும்பாலும் இந்தப் பத்திரத்தில்தான்.

வழக்கத்துக்கு உண்மையிலேயே சட்டம் வழிவிட்டிருக்கும் இடமும் இந்தியாவில் ஒன்று உண்டு, உங்கள் தோழிக்கு அது பொருந்தாவிட்டாலும். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2(2) பிரிவுப்படி, மத்திய அரசு தனியாக அறிவித்தால் ஒழிய, பட்டியல் பழங்குடியினருக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. ஜார்க்கண்டிலிருந்தும் சத்தீஸ்கரிலிருந்தும் தில்லி வீடுகளுக்கு வேலைக்கு வரும் சந்தாலி, ஒராவோன் பெண்களுக்கு ஊர் நிலத்தில் என்ன உரிமை என்பது அவரவர் வழக்கத்தைப் பொறுத்தது. 2025 ஜூலையில் சத்தீஸ்கரின் கோண்டு பழங்குடிக் குடும்பம் ஒன்றின் வழக்கில் உச்ச நீதிமன்றம் கேள்வியையே திருப்பிப் போட்டது. பெண்ணுக்குப் பங்கு தரும் வழக்கம் இருப்பதாக அவள் நிரூபிக்க வேண்டும் என்றன கீழ் நீதிமன்றங்கள். பங்கு இல்லை என்பவர்தான் அப்படி ஒரு வழக்கம் இருப்பதைக் காட்ட வேண்டும், காட்டாதபோது சமத்துவமே விதி என்றது உச்ச நீதிமன்றம். அதே ஆண்டு அக்டோபரில் இன்னொரு வழக்கில், சட்டத்தின் வாசகம் இப்படி இருக்கும்வரை இந்து வாரிசுரிமைச் சட்டத்தைப் பழங்குடியினர் மேல் நீதிமன்றம் திணிக்க முடியாது என்றும் தெளிவுபடுத்தியது. பிரிவைத் திருத்துவது பற்றி யோசிக்குமாறு மத்திய அரசை 2022-லேயே கேட்டுக்கொண்டதும் உச்ச நீதிமன்றம்தான்.

ஆகவே, உங்கள் தோழியை அடுத்த முறை பார்க்கும்போது வழக்கம் பற்றி விவாதிக்க வேண்டாம். மூன்று விவரம் மட்டும் கேளுங்கள். அப்பா இறந்தது 2005 செப்டம்பர் 9-க்கு முன்பா, பின்பா? நிலம் லால் டோராவுக்கு உள்ளேயா, வெளியேயா. வெளியே என்றால் அந்த ஊர் நகர்ப்பகுதியாக அறிவிக்கப்பட்டது எப்போது? அவர் கையெழுத்துப் போட்டது சார்பதிவாளர் முன்னால் பதிவான பத்திரத்திலா, வீட்டில் நீட்டிய ஸ்டாம்ப் பேப்பரிலா? பதிவான பத்திரம் என்றால், ஏமாற்றியோ மிரட்டியோ வாங்கினார்கள் என்று காட்டினால்தான் உடைக்க முடியும். அது தெரியவந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். பதிவாகாத காகிதம் என்றால், அசையாச் சொத்தில் உள்ள உரிமையை அது பொதுவாகப் பறிக்காது. அவர் பங்கு இன்னும் அவரிடமே இருக்கக்கூடும். மூன்றுக்கும் பதில் கிடைத்ததும் காகிதங்களோடு ஒரு வழக்கறிஞரைப் பார்க்கச் சொல்லுங்கள். பெண்களுக்கு, வருமானம் எதுவானாலும், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாகவே வழக்கறிஞர் வைத்துத் தரும்.